பெருங்குடல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'புவர்லி டிஃபரென்ஷியேட்டட்' என்று வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தமா?

உங்கள் கேள்வி இது: அப்பாவுக்கு 58 வயது. பெருங்குடலின் வலப்பக்கம் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ஸ்டேஜ் 2, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 'புவர்லி டிஃபரென்ஷியேட்டட்' என்று இருக்கிறது, கீழே 'எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2 லாஸ்' என்று இன்னொரு வரி. இரண்டுமே கெட்ட செய்தியா, கீமோ கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நோய்க்கூறியல் மருத்துவர். இந்த மாதிரி ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. முதல் வரியைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள். இரண்டாவது வரியைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி தேவையில்லை.

செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிறது. அதில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர்கள் போல எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் ஒரு ஜோடி. அப்பாவின் கட்டியில் முதல் ஜோடி வேலை செய்யவில்லை. அதனால் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். இதைத்தான் எம்.எஸ்.ஐ.-ஹை என்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை.

இத்தனை பிழை இருந்தால் கட்டி இன்னும் மோசமாக அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பிழையான டிஎன்ஏவிலிருந்து உருவாகும் விசித்திரமான புரதங்களை உடலின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் அந்நியமாக அடையாளம் கண்டு, கூட்டமாகக் கட்டிக்குள் நுழைகின்றன. ஸ்லைடில் பார்த்தால் புற்றுச் செல்களுக்கு நடுவே லிம்போசைட்டுகள் (டி செல்கள் சேர்ந்த வெள்ளையணு வகை) புகுந்து நிற்பது அப்பட்டமாகத் தெரியும். இப்படி எதிர்ப்புச் செல்கள் நிறைந்த கட்டிகள் திரும்பி வருவது குறைவு என்று பிரான்ஸின் ஜெரோம் காலோன் குழு 2006-இல் காட்டியது. கட்டியில் உள்ள டி செல்களை எண்ணி மதிப்பெண் தரும் இம்யூனோஸ்கோர் அதிலிருந்துதான் பிறந்தது.

அடுத்து அந்த 'புவர்லி டிஃபரென்ஷியேட்டட்'. செல்கள் ஒழுங்கான சுரப்பிகளாக அமையவில்லை என்பதே அதன் பொருள். சாதாரணக் கட்டியில் இது கவலைக்குரிய அடையாளம்தான். எம்.எஸ்.ஐ.-ஹை கட்டிகளோ பெரும்பாலும் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு மூர்க்கமாக நடந்துகொள்ளாது. அதனால் ஸ்டேஜ் 2-இல் ஆபத்துக் காரணிகளைக் கணக்கிடும்போது, எம்.எஸ்.ஐ.-ஹை கட்டியின் மோசமான தரத்தை வழிகாட்டு நெறிகளே சேர்ப்பதில்லை.

கீமோ விஷயத்துக்கு வருவோம். ஸ்டேஜ் 2 எம்.எஸ்.ஐ.-ஹை கட்டிக்கு 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் பலனில்லை என்று 2010-இல் வந்த சார்ஜென்ட் குழுவின் ஆய்வு காட்டியது. வேறு ஆபத்து அடையாளம் இல்லையென்றால் பொதுவாகக் கீமோ இல்லாமல் கண்காணிப்பு மட்டும்தான்.

அந்த வேறு அடையாளங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். டி4 என்று இருக்கிறதா, அதாவது குடலின் வெளிச்சுவரைத் துளைத்துவிட்டதா? இரத்தக்குழாய், நரம்பு ஓரமாகப் பரவல் உண்டா? எத்தனை கணுக்களைப் பார்த்திருக்கிறார்கள்? குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும். ஐந்தாறு கணுக்களை மட்டும் பார்த்து 'பரவல் இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த ஸ்டேஜை நான் முழுதாக நம்ப மாட்டேன். எடுத்த குடலில் மீண்டும் தேடச் சொல்வேன். 'டியூமர் பட்டிங்' என்ற வரியும் முக்கியம். கட்டியின் ஓரத்தில் தனிச் செல்களாகவோ நான்கு செல்கள் வரையுள்ள சின்னக் கொத்துகளாகவோ பிரிந்து முன்னேறுவதுதான் அது. 0.785 சதுர மில்லிமீட்டரில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம் என்று 2016-இல் உலகளவில் ஒரு பொது அளவுகோல் வகுத்தார்கள்.

கேராஸ் என்ற மரபணுவுக்கான டெஸ்ட் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நோய் பரவிய நிலையில் செடுக்சிமாப் போன்ற மருந்து வேலை செய்யுமா என்று பார்க்கத்தான் அது முக்கியமாகத் தேவை. ஒருவேளை பிற்காலத்தில் நோய் திரும்பினாலும், எம்.எஸ்.ஐ.-ஹை வகைக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி என்ற வழி உண்டு. கீநோட்-177 ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த காலம் கீமோவில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தில் 16.5 மாதம்.

ஒரே ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டியில் பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் உண்டா என்று டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த மாற்றம் இருந்தால் இது பரம்பரையாக வந்ததல்ல என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இல்லையென்றால் எம்.எல்.ஹெச்.1 மெத்திலேஷன் டெஸ்ட், அதாவது கட்டியில் அந்த மரபணு வேதி மாற்றத்தால் அணைந்துபோயிருக்கிறதா என்று பார்ப்பது. அதுவும் இல்லையென்றால் பரம்பரையாக வரும் புற்றுநோய்ப் பாதிப்பான லிஞ்ச் சிண்ட்ரோமா என்று அப்பாவின் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. லிஞ்ச் என்றால் உங்களுக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும், சித்தப்பா அத்தைமாருக்கும் அந்த மரபணு மாற்றம் வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. அந்த மாற்றம் இருப்பவர்கள் 20–25 வயதிலேயே தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்துகொண்டால், புற்றாகும் முன்பே பாலிப்பை எடுத்துவிடலாம். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய்க்கான கண்காணிப்பும் சேர வேண்டும்.

பிராஃபுக்கும் மெத்திலேஷனுக்கும் புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டி மெழுகு பிளாக்குகளாக அந்த மருத்துவமனை லேபில் இருக்கும். உங்கள் ஆங்காலஜிஸ்ட் எழுதிக் கொடுத்தால் அதிலிருந்தே செய்வார்கள்.