கோடையில் ஏமாற்றும் காட்டோடை: தப்பு ஃப்ளையில் இல்லை

கேள்வி: மே மாதம் ஏழெட்டு ப்ரூக் ட்ரௌட் மீன் பிடித்த அதே காட்டோடைக்கு ஜூலையில் மறுபடி போனேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. மடுவை நெருங்கினாலே நிழல் மாதிரி ஏதோ ஓடி மறைகிறது. பாதி நேரம் தூண்டில் லைன் மரக்கிளையில்தான் கிடந்தது. பெட்டியில் இருந்த ஃப்ளைகளை (பூச்சி மாதிரி கொக்கியில் கட்டிய போலி இரைகளை) எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். வேறு எந்த ஃப்ளை வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். கை அரிக்கிறது என்றால் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

ப்ரூக் ட்ரௌட் பெயரில்தான் ட்ரௌட். உறவுமுறையில் அது 'சார்' என்ற குளிர்நீர் மீன் வகை. கிழக்கு வட அமெரிக்கா அதன் பூர்வீகம். விலங்கியல் பெயரில் வரும் 'ஃபான்டினாலிஸ்' என்ற சொல்லுக்கே ஊற்றைச் சேர்ந்தது என்றுதான் பொருள். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 20 டிகிரியைத் தொட்டால் திணற ஆரம்பிக்கும். 25-ஐ ஒட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. சூடேறச் சூடேற மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தண்ணீரில் கரைந்திருப்பதோ குறையும். அந்த நிலையில் தூண்டிலில் சிக்கிப் போராடிய மீன், நீங்கள் விட்டதும் நீந்திப் போய்விடும்; ஆனால் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நான் தெர்மாமீட்டர் 18 டிகிரி காட்டினாலே தூண்டில் கோலை மடக்கிவிடுவேன். அதனால் கோடையில் விடிந்ததும் போங்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். மரநிழல் அடர்ந்த மேல்பகுதியே நல்லது. கடும் வெப்பத்தில் ஊற்றுநீர் வந்து சேரும் இடத்தில் மீன்கள் கூட்டமாக ஒதுங்கியிருந்தால், தயவுசெய்து அங்கே தூண்டில் போடாதீர்கள். அது அவற்றின் கடைசிப் புகலிடம்.

சரி, அந்த ஓடி மறையும் நிழல். அது மீன்தான், நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்துவிட்டது. மே மாதம் தண்ணீர் நிறைய ஓடியது, சலசலப்பு உங்களை மறைத்தது. ஜூலையில் ஓடை வற்றி, கண்ணாடி மாதிரி தெளிந்துவிடுகிறது. ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, மேலிருந்து வரும் இரைக்காகக் காத்திருப்பது இதன் பழக்கம். ஆகவே கீழிருந்து மேலே நடந்து, அதன் வால் பக்கமாக வாருங்கள். முக்கியமாக, குனியுங்கள். நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் ஏறத்தாழ 97 டிகிரி விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். தாழ்வாக இருப்பதெல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். நிமிர்ந்து நின்றால் முழு ஆளாகத் தெரிவீர்கள். நானெல்லாம் முட்டிபோட்டுத்தான் மடுவை நெருங்குவேன். பேன்ட் கிழிந்ததுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். மடுவின் வால்பகுதியில், அதாவது கீழ்முனையில், நிற்கும் சின்ன மீனைக் கலைத்துவிடாதீர்கள். அது மேலே ஓடினால் மொத்த மடுவுக்கும் தகவல் போய்விடும்.

மரக்கிளைத் தொல்லைக்கு வருவோம். ஆறரை, ஏழு அடிக் கோல், 3-ஆம் எடை என்ற மெல்லிய லைன், கோல் நீளத்துக்கே லீடர் (லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் மெல்லிய நரம்பு), இது போதும். தலைக்கு மேல் சுழற்றி வீச அங்கே இடமே இருக்காது. வில்லில் அம்பு விடுவது போன்ற வீச்சைப் பழகுங்கள். கோல் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக லைனை வெளியே விட்டு, கைப்பிடியோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். கொக்கியின் வளைவை மறுகையின் இரு விரல்களால் பிடியுங்கள். கூர்முனை விரலுக்கு வெளியே இருக்கட்டும். கோல் நுனியை இலக்கை நோக்கி நீட்டி, ஃப்ளையைப் பின்னுக்கு இழுங்கள். கோல் வளைந்ததும் விட்டுவிடுங்கள். புதருக்கு அடியில்கூடப் போய் விழும். விழுந்ததும் கோலை உயர்த்தி, லைன் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டம் லைனை இழுத்தால் ஃப்ளை வழுக்கிக்கொண்டு போகும், மீன் நம்பாது. கடித்ததும் மணிக்கட்டை லேசாகத் தூக்கினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் விரலளவு மீன் பறந்து வந்து உங்கள் தலைக்குப் பின்னால் தொங்கும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

அப்புறம், நீங்கள் கேட்ட ஃப்ளை. கோடையில் மரத்திலிருந்து விழும் எறும்பும் வண்டும்தான் இவற்றுக்குப் பெரிய தீனி. 14 அல்லது 16-ஆம் அளவுக் கொக்கியில் கட்டிய கறுப்பு எறும்பு ஃப்ளை ஒன்று, வண்டு ஃப்ளை ஒன்று, நன்றாக மிதக்கும் எல்க் ஹேர் கேடிஸ் என்ற ஃப்ளை ஒன்று. மூன்றுமே உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும். கட்டுவதற்கு முன் கொக்கி முனைக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றுங்கள்.