ஆறு ஏறும் தெருவில் ஒரு வேட்டை நாய்

கேள்வி: குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரத் தெருவில் குடியிருக்கிறோம். தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம். வெளிநாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்களை வீடுகளில் எடுத்து வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, எட்டாவது படிக்கும் என் மகன் அதுபோல ஒன்று வேண்டும் என்கிறான். சங்ககிரிப் பக்கம் ஒருவர், முயல் பிடிக்க வைத்திருந்த நாலு வயதுச் சிப்பிப்பாறை நாயைக் கால் தளர்ந்துவிட்டதென்று யாருக்காவது கொடுக்கப் பார்க்கிறார். எடுக்கலாமா? மேட்டூரில் உபரி நீர் திறந்தால் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2024-இல் கல்யாண மண்டபத்தில்தான் தங்கினோம். “மனிதர்கள் படுக்கவே இடமில்லை, இதில் நாயா?” என்கிறார் மாமனார்.
– ஒரு வாசகி, குமாரபாளையம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

எடுங்கள். ஆனால் மாமனாரின் கேள்விக்கு விடை கண்டுபிடித்த பிறகு எடுங்கள். வீட்டில் மற்ற எல்லோரும் நாயைப் பற்றி யோசிக்கும்போது, அவர் ஒருவர்தான் ஆற்றைப் பற்றி யோசித்திருக்கிறார்.

மகன் பார்த்தது உண்மைதான். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஓட்டம் முடிந்த கிரேஹவுண்டுகளுக்கு வீடு தேடித் தரவே அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018-இல் மக்கள் வாக்களித்துப் பந்தயத்தையே ஒழித்தார்கள். 2020 முடிவோடு அது நின்றுபோனது. ஆனால் இங்கே கிரேஹவுண்ட் குட்டியை விலைக்கு வாங்கினால் அது தத்தெடுப்பு ஆகாது. சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் அதே வகை நாய்தான். கைவிடப்படும் நிலையில் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம்.

முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக ஓட வைத்துவிட்டு, கால் தளர்ந்ததும் கைகழுவுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நாலு வயது இந்த நாய்க்கு முதுமை அல்ல. உங்கள் மாவட்டத்திலேயே, நாமக்கல்லில், கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காலைக் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால், வேட்டை நாய் இனம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிரேஹவுண்டுகளின் உடம்பில் கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகள் தெளிய அவற்றுக்கு நெடுநேரமாகும்.

இனி வெள்ளம். முகாமில் நாயைச் சேர்ப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் தோட்டம் ஒன்றை இப்போதே பேசி வையுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கமோ சங்ககிரிப் பக்கமோ யாராவது இருப்பார்கள். “ஆடியில் ஆறு ஏறினால் நாலைந்து நாள் நாயை விடலாமா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தத் தோட்டத்தில் கோழியும் ஆட்டுக்குட்டியும் இருக்கும். முயல் துரத்திப் பழகிய நாய் அவற்றையும் துரத்தும். அதை அடித்துத் திருத்த முடியாது. கதவு போட்ட அறை ஒன்று இருந்தால்தான் அந்த இடம் ஆகும். அங்கே ஒரு கோழி செத்தால் அடுத்த ஆண்டு அந்த வாசல் திறக்காது.

மேட்டூர் அணை 120 அடியை நெருங்குகிறது, நீர்வரத்து கூடுகிறது என்று செய்தி வந்த அன்றே நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். வருவாய்த் துறையினர் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்வரை காத்திருந்தால், ரேஷன் கார்டைத் தேடுவதா நாயைத் தேடுவதா என்று திண்டாடுவீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. இரண்டையும் மகனின் கையெழுத்தில் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

இந்த நாய்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலை குறுகலாகவும் கழுத்து அதே அளவுக்குத் தடிப்பாகவும் இருக்கும். மிரண்டால் முன்னால் இழுக்காது. காதை மடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திப் பின்வாங்கும். சாதாரணக் கழுத்துப்பட்டை, கை ஒடுக்கி வளையலைக் கழற்றுவது போல வழுக்கிக் கழன்றுவிடும். வெறும் கயிறு உங்கள் கையில் இருக்க, அது மண்டபத்துக் கூட்டத்துக்குள் பாய்ந்திருக்கும். அகலமான, இழுத்தால் மட்டும் இறுகுகிற பட்டை வாங்குங்கள். கூடவே நெஞ்சுப்பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். ஆட்டோவில் ஏறப் பழக்குவதும் ஆனி மாதத்திலேயே நடக்க வேண்டும். நிற்கும் வண்டிக்குள் சில நாள் சோறு வைத்தால் போதும், பிறகு அதுவே ஏறும்.

தடுப்பூசி அட்டை, நாயும் நீங்களும் சேர்ந்திருக்கும் படம், சில நாள் தீனி, ஒரு பழைய போர்வை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். உடம்பில் சதைப்பற்று இல்லாததால் நனைந்தால் நடுங்கும், போர்வை அதற்குத்தான். வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் நிற்கும் மனிதருக்கும் அந்த நோய் வரும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு இரவில் எல்லாம் தவறிப்போகலாம். படகில் ஏற்ற மறுத்தாலும் நாயைக் கட்டிவிட்டு மட்டும் வராதீர்கள். கயிற்றை அவிழ்த்து, மொட்டை மாடியில் தண்ணீரும் தீனியும் வைத்து, மீட்க வந்தவர்களிடம் எந்த வீடு என்று சொல்லுங்கள். 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவரச் சொன்னதால் வீட்டைவிட்டு வர மறுத்தவர்கள் பலர். அதற்குப் பிறகுதான், மீட்புத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் வழி செய்ய வேண்டும் என்று 2006-இல் அங்கே சட்டம் வந்தது. இங்கே அதற்கு நிகரான ஏற்பாட்டை நம்பி இருக்க முடியாது. நாயின் பொறுப்பு உங்கள் வீட்டாருடையது.

தண்ணீர் வடிந்ததும் நாயை உடனே அழைத்து வராதீர்கள். முதலில் வீட்டில் பாம்பு இருக்கிறதா, மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்து, சேற்றைக் கழுவித் தள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கொடுப்பவரிடம் இரண்டு வாரம் தவணை கேளுங்கள். போகும்போது மாமனாரையும் அழைத்துப் போங்கள். தோட்டக்காரரிடம் பேசும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். அவர் கேட்டால் சொந்தக்காரர் மறுக்கத் தயங்குவார்.