மூச்சு மெஷினுக்காக நகையை மறுபடியும் அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்தவன், வயது 62, ஓய்வூதியம் மாதம் 34,000 ரூபாய். எனக்கு ஸ்லீப் ஏப்னியா கடுமையாக இருப்பதாகத் தஞ்சாவூரில் பரிசோதித்துச் சொன்னார்கள். உறக்கத்தில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறதாம். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் மெஷினை 16 மாதங்களாக மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு வைத்திருக்கிறேன். மாஸ்க் தேய்ந்து காற்று கசிவதால், பட்டையில் ஊக்கைக் குத்தி இறுக்கிச் சமாளிக்கிறேன். மைத்துனர் மகள் திருமணத்துக்காக 3 ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் 12 பவுன் நகையைத் தனியார் நிதி நிறுவனத்தில் 14 சதவீத வட்டிக்கு வைத்து 3 லட்சம் ரூபாய் வாங்கிக் கொடுத்தோம். முதல் ஆண்டு வட்டியை நான் கட்டினேன். அடுத்த ஆண்டு கடனை 4 லட்சமாக உயர்த்தித் திருப்பி வைத்தோம். இப்போது பவுன் விலை ஏறியிருப்பதால் 6 லட்சம் கிடைக்கும் என்றும், அதில் ஒரு பங்கில் எனக்குப் பயணத்துக்கான சிறிய மெஷினை 85,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம் என்றும் மைத்துனர் சொல்கிறார். மின்தடைக்கென 25,000 ரூபாய் பேட்டரியை வட்டியில்லாத தவணையில் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். சென்னையில் மகளும் சிங்கப்பூரில் மகனும் இருக்கிறார்கள். இரவு ரயிலுக்குப் பயந்து, சென்னை சென்று வர ஒவ்வொரு முறையும் 9,000 ரூபாய்க்குக் கார் அமர்த்துகிறேன். தேர்தல் வந்தால் நகைக்கடன் தள்ளுபடியாகும் என்று மனைவி நம்புகிறார். வங்கியில் 4 லட்சம் வைப்பு இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. வங்கி அதிகாரியோ காப்பீட்டோடு முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசி ஒன்றைப் பரிந்துரைக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: மெஷினின் அவசியத்தை உங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார், சேமிப்பின் அருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே நேராக நகைக்கடனுக்கு வருகிறேன். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, பவுன் விலை ஏறும்போதெல்லாம் அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் வாங்குவதே உங்கள் வீட்டுக் கணக்கைக் கெடுக்கும் பழக்கம். மெஷினை வாங்காமல் வாடகையிலேயே 16 மாதங்கள் ஓட்டியதும் அதே பழக்கத்தின் இன்னொரு வடிவம்தான்.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 3 லட்சத்துக்கு 14 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42,000 ரூபாய். இரண்டாம் ஆண்டின் முடிவில் கடனை 4 லட்சமாக உயர்த்தியபோது, கூடுதலாகக் கிடைத்த 1 லட்சத்தில் 42,000 ரூபாய் பழைய வட்டிக்கே கழிந்து, மைத்துனர் கைக்கு 58,000 ரூபாய்தான் போயிருக்கும். அதாவது, வட்டி அப்போதே அசலாகிவிட்டது. இந்த ஆண்டு 56,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆக மூன்று ஆண்டுகளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய், மெஷின் வாடகை 72,000 ரூபாய். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மெஷின்கள் 40,000 முதல் 65,000 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, வாடகையாக மட்டுமே அதைவிட அதிகம் கொடுத்துவிட்டீர்கள்; மெஷினோ இன்னும் கடைக்காரருடையது.

மைத்துனர் சொல்லும் 6 லட்சத்தை வாங்கினால் என்ன ஆகும்? கூடுதலாக வரும் 2 லட்சத்தில் 56,000 ரூபாய் வட்டிக்கும் 85,000 ரூபாய் பயண மெஷினுக்கும் போக, மீதமுள்ள 59,000 ரூபாய் அவருக்குப் போகும். உங்கள் ஆண்டு வட்டி 84,000 ரூபாயாக, அதாவது மாதம் 7,000 ரூபாயாக உயரும். பவுன் விலை ஏறினால் கூடுதலாகக் கிடைப்பது கடன் மட்டுமே. அது திரும்ப இறங்கும்போது ஏல அறிவிப்பு வருவது உங்கள் வீட்டு முகவரிக்குத்தான். உங்கள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீரை அவர் குறைவில்லாமல் செய்திருப்பார், அந்த நன்றிக்கடன் உங்கள் மனைவியின் மனத்தில் இருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சீர் ஒருமுறை செய்வது; இந்த வட்டி ஆண்டுதோறும் வருவது.

தள்ளுபடியைப் பொறுத்தவரை, 2021-இல் அரசு அறிவித்தது கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்திருந்தவர்களுக்கு, அதுவும் பல நிபந்தனைகளோடு. உங்கள் 12 பவுன் தனியார் நிதி நிறுவனத்தில் இருக்கிறது. எந்தத் தேர்தல் வந்தாலும் அந்த நிறுவனத்தின் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை உங்கள் மனைவியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி, தொட மனமில்லாத அந்த வைப்புத்தொகை. அது 7 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 28,000 ரூபாய் வருகிறது. அதே 4 லட்சம் கடனுக்கு நீங்கள் 56,000 ரூபாய் கட்டுகிறீர்கள். ஆகவே முன்கூட்டியே முடிப்பதால் வட்டி சற்றுக் குறையுமென்றாலும் தயங்காமல் வைப்பை எடுங்கள். 60,000 ரூபாய்க்குள் சாதாரண மெஷினையும் புதிய மாஸ்கையும் ரொக்கமாக வாங்குங்கள். வாடகைக் கடையிலேயே வாங்கினால், கட்டிய வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்களா என்று கேளுங்கள், முன்பணத்தைத் திரும்பப் பெறவும் மறவாதீர்கள். 56,000 ரூபாயை வட்டிக்கும் 1,50,000 ரூபாயை அசலுக்கும் கட்டுங்கள். மீதி 1,34,000 ரூபாய் அவசரத்துக்கு இருக்கட்டும். எஞ்சிய 2,50,000 ரூபாய் கடனை, வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் வங்கிக்கு மாற்றுங்கள். இப்போது வாடகையும் வட்டியுமாக மாதத்துக்குச் சுமார் 9,200 ரூபாய் போகிறது. அதற்குப் பதிலாக மாதம் 8,500 ரூபாயை அந்தக் கடனில் கட்டிவந்தால், மூன்று ஆண்டுகளுக்குள் நகை மனைவியின் கைக்கு வந்துவிடும்.

மைத்துனரிடம் முறித்துக்கொள்ள வேண்டாம். அவர் சம்பா சாகுபடி செய்பவராக இருந்தால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும் தை, மாசி மாதங்களில், ஆண்டுக்கு ஒரு தொகையை இந்தக் கடனில் நேராகக் கட்டச் சொல்லுங்கள். கூடுதல் கடன் இல்லை என்பதை மட்டும் நீங்கள் சொல்லாமல் அவருடைய அக்காவான உங்கள் மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள். நகை அவருடையது, அவர் சொன்னால் வருத்தமும் குறைவாக இருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மெஷினை வாங்க நினைத்தால் எச்சரிக்கை தேவை. உள்ளே இருந்த ஒலித்தடுப்பு நுரை சிதைந்து மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்களில் பல ரகங்களைத் திரும்பப் பெற்றது. அத்தகைய மெஷின் உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிடக் கூடாது.

பயண மெஷின் உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. சாதாரண மெஷினும் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். சென்னைக்குப் பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் போங்கள். ரயிலில் தூங்க வேண்டியதில்லை, இரவில் மகள் வீட்டில் மெஷினைப் பொருத்திக்கொள்ளலாம், ஒருமுறை காருக்குக் கொடுக்கும் 9,000 ரூபாயில் பல முறை போய்வரலாம். இரவு ரயிலில் போகவே நேர்ந்தால், பெட்டியிலுள்ள சார்ஜ் முனையை நம்பாதீர்கள். அது கைபேசிக்கென வைத்தது; தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 முதல் காலை 5 வரை அதை அணைத்துவைக்கும் நடைமுறையும் ரயில்வேயில் உண்டு. சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. மருத்துவரின் கடிதத்துடன் மெஷினைக் கைப்பையாகவே எடுத்துச்செல்லுங்கள், சரக்கில் போடாதீர்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின் இணைப்புப் பெட்டி பெரும்பாலும் மெஷினுடனேயே வரும். வாங்கும்போது பார்த்துக்கொண்டால், அந்நாட்டு மின்முனைக்குப் பொருந்தும் பிளக் அடாப்டரைத் தவிர வேறு எதுவும் வாங்க வேண்டியிராது.

பேட்டரிக்கும் இதே பதில்தான். காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால், மெஷின் 30 முதல் 40 வாட் மின்சாரமே எடுக்கும். 8 மணி நேரத்துக்குச் சுமார் 300 வாட் மணி. வீட்டு இன்வெர்ட்டரில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட் மணி. பாதிதான் பயன்படும் என்று வைத்தாலும், ஒரு மின்விசிறியோடு சேர்த்து ஓர் இரவு முழுதும் தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வந்ததுபோன்ற நீண்ட மின்தடைக்கு 25,000 ரூபாய் பேட்டரியும் உதவாது. வட்டியில்லாத் தவணை என்பதில், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் நடைமுறைக் கட்டணமும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கடைக்காரரிடம் இரண்டு விலையையும் எழுதித் தரச் சொன்னால் விளங்கிவிடும்.

யூலிப் வேண்டாம். 62 வயதில், அடகில் நகை இருக்கும்போது, காப்பீட்டையும் பங்குச்சந்தையையும் ஒன்றாகக் கட்டிய பாலிசியை உங்களிடம் நீட்டியவர் தன் இலக்கைத்தான் பார்த்திருக்கிறார். மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அதை மட்டும் தனியாக வாங்குங்கள். வீட்டில் பயன்படுத்தும் சிபாப் மெஷினின் விலையை அது பொதுவாகத் தராது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். விண்ணப்பத்தில் ஸ்லீப் ஏப்னியாவை மறைக்காமல் எழுதுங்கள், பரிசோதனை அறிக்கையின் நகலையும் இணையுங்கள். முகவர் தேவையில்லை என்று சொன்னாலும் இணைத்துவிடுங்கள்.