ஓட்டு, நோட்டா, 17சி: ஆட்சியை நம்பாதவர்கள் கேட்டவை

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். அரசாங்கத்தின் மீதும் ஓட்டின் மீதும் நம்பிக்கை போய்விட்டது என்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் நடக்குமா சார்?

நடக்காது தம்பி. நோட்டாவுக்கு எவ்வளவு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ ஆவார். 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கினார். 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். இரண்டாம் இடமே நோட்டாவுக்குத்தான். முடிவில் ஒன்றும் மாறவில்லை. 2018-ல் மகாராஷ்டிராவும் ஹரியாணாவும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முதலில் வந்தால் மறுதேர்தல் என்று ஆணையிட்டன. சட்டமன்றத்துக்கும் அது வர வேண்டும் என்பது என் வாதம்.

ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பதிவேட்டில் எழுதி வைக்கும் பழைய 49 ஓ விதியே போதாதா? நோட்டா எதற்கு?

2009 மக்களவைத் தேர்தலில் என் பூத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். விரலில் மை வைத்தாயிற்று, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் என் மேஜைக்கு வந்து, "எனக்கு யாரும் வேண்டாம், 49 ஓ எழுதிக்கோங்க" என்றார். பெஞ்சில் இருந்த ஏஜென்ட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பதிவேட்டில் குறிப்பு எழுதி, அதன் கீழ் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா பிடித்த கை நடுங்கியது. அவர் வெளியே போனதும் ஒரு ஏஜென்ட் எழுந்து பின்னாலேயே போனார். நூறு வீடு இருக்கிற ஊர் அது. சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தான் வைக்கச் சொன்னதே இதற்காகத்தான்: யாரும் வேண்டாம் என்று சொல்வதும் ரகசியமாக இருக்க வேண்டும்.

ஓட்டே போடாமல் வீட்டில் இருந்தால் தப்பா?

சட்டப்படி தண்டனை எதுவும் இல்லை. ஆனால் பிற்பகலில் ஏஜென்ட் கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்தால், யார் யார் வரவில்லை என்பது பளிச்சென்று தெரியும். அந்தப் பெயர்களில் வேறு ஆள் வர வாய்ப்பு உண்டு. போய் நோட்டா அழுத்துங்கள்.

என் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டால்?

சத்தம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். டெண்டர் ஓட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று உறுதியானால் காகிதச் சீட்டு தருவார்கள். முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். சாதாரணமாக அதை எண்ண மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு. வழக்கு டெண்டர் ஓட்டைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது.

மெஷினையே நம்ப முடியவில்லையே?

நம்பச் சொல்லவில்லை, சரிபார்க்கச் சொல்கிறேன். ஓட்டுப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்ட்களுக்கு நகல் தருவோம். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த நகலை வாங்காமலே சாப்பிடப் போய்விட்ட ஏஜென்ட்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் சீட்டுகளை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்தில்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

சாதாரண ஜனங்கள் அரசாங்கத்தை எப்போதாவது அசைத்ததுண்டா?

உண்டு. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் ஆளுக்கு 250 ரூபாய் கட்டி மனுப் போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலே தள்ளிப்போனது. அதே வருஷம் சட்டமன்ற டெபாசிட் 5,000 ரூபாய் ஆனது, இப்போது 10,000. கூலி வேலை செய்பவர் நிற்க நினைத்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தேர்தல் முடிந்தபின் ஐந்து வருஷம் என்ன செய்வது ஐயா?

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.