உட்கார ஒரு ஸ்டூல்

கேள்வி: ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்கணும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. போன வாரம் தாங்க முடியாமல் சூப்பர்வைசரிடம் ஸ்டூல் கேட்டேன். மறுத்ததும், "உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா அண்ணாச்சி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டது தப்பா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஸ்டூல் கேட்டது தப்பே இல்லை, தங்கச்சி. நானும் பதினொரு வருடம் ஜவுளிக்கடையில் நின்றவள். அலமாரியில் சேலை தேடுகிற சாக்கில் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு நிற்போம். சாயங்காலம் பார்த்தால் செருப்பு வார் புறங்காலில் பதிந்து கிடக்கும்.

ஆனால் மனசாட்சி இல்லையா என்று கேட்டதும் பேச்சு ஸ்டூலை விட்டுப் போய்விடுகிறது. நானும் ஒருமுறை எங்கள் மேனேஜரிடம், "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படி நிக்க விடுவீங்களா?" என்று கேட்டேன். மகளை எப்படி இழுக்கலாம் என்று கொதித்தார். கால்வலியைப் பற்றி அன்று யாருமே பேசவில்லை.

அப்புறம் எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்கா தனியாகப் போய்ப் பேசினார். "மதியம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் கூட்டமே இல்ல சார். ஆறு பேர் இருக்கோம். ரெண்டு ரெண்டு பேரா உட்காருறோம், ஆள் படி ஏறினதுமே எந்திரிச்சிருவோம். ஒரு வாரம் பாருங்க." மறுநாள் குடோனிலிருந்து இரண்டு ஸ்டூல் வந்தது.

உங்கள் அண்ணாச்சிக்கும் மேலே ஒருத்தர் இருப்பார். யாராவது உட்கார்ந்திருப்பது கேமராவில் தெரிந்தால் முதலில் அவருக்குத்தான் போன் வரும். அதனால் முதலாளியிடம் அவர் சொல்வதற்கு ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். "சட்டம் வந்துட்டு அண்ணாச்சி, செக்கிங் வந்தா கடைக்குத்தானே சங்கடம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் மசியவில்லையென்றால் நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். அதற்கு முன்னால், எல்லார் எதிரிலும் அப்படிக் கேட்டதற்கு அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். ஸ்டூல் கேட்டதற்கு வேண்டாம்.