கடலில் போன தாத்தாவுக்கு இறப்புச் சான்று இல்லை. பாட்டி எழுதிக் கொடுத்த தோப்பு நிற்குமா?

கேள்வி: என் அம்மாவின் பெரியம்மா கணவர் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். 1942ல் வங்கக் கடல் மேல் வேவு பார்க்கப் போன விமானம் திரும்பவே இல்லை. முதலில் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. சில மாதம் கழித்து, 'அரசு நோக்கங்களுக்காக இறந்தவராகக் கொள்ளப்படுகிறார்' என்று கடிதம். குழந்தை இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் 1941ல் அவர் சம்பளப் பணத்தில் வாங்கிய இரண்டு ஏக்கரைப் பெரிய பாட்டிதான் கடைசிவரை வைத்திருந்து மாந்தோப்பாக்கினார். 1979ல் அதை என் அம்மாவுக்கு செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார். 1986ல் காலமானார். தோப்பு எங்கள் கையில்தான் இருக்கிறது, பட்டா மட்டும் தாத்தா பெயரில். இப்போது தாத்தாவின் தம்பி பேரன்கள், "இறந்ததற்கே சான்று இல்லை, பாட்டிக்கு அனுபவ உரிமை மட்டும்தான்" என்று தாசில்தாரிடம் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அந்தத் தந்தியையும் கடிதத்தையும் முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள். உங்கள் வழக்கே அந்த இரண்டு தாள்களில்தான் இருக்கிறது.

அனுபவ உரிமை என்று அவர்கள் சொல்வது பாதி உண்மை. 1942ல் இருந்த இந்து சட்டப்படி, மகன் இல்லாதவரின் சுயசம்பாத்தியம் மனைவிக்கு வரும். ஆனால் அவர் ஆயுள் வரை அனுபவிக்கலாமே தவிர, இஷ்டப்படி விற்கவோ தானம் கொடுக்கவோ முடியாது. 1956 ஜூன் 17ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது இது மாறிவிட்டது. அதன் 14(1) பிரிவு, அப்படிப் பெண்கள் வசம் இருந்த சொத்தை முழு உரிமைச் சொத்தாக ஆக்கியது. அன்று நிலம் பாட்டியிடம் இருந்ததால், 1979ல் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருக்கலாம். நிலம் பூர்வீகமில்லை, சம்பளத்தில் வாங்கியது என்று காட்ட 1941 கிரயப் பத்திரம் வேண்டும். கையில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். பழைய பத்திரங்களில் 'சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா' என்றுதான் இருக்கும். தர்மபுரி மாவட்டம் பிரிந்ததே 1965ல்தான்.

ஆனால் இதெல்லாம் பாட்டிக்கு முன்பே, 1956க்கும் முன்பே தாத்தா இறந்தார் என்றால்தான். எதிர்த்தரப்பு அடிக்கப்போவது இந்த இடத்தில்தான். ஏழு வருடம் தகவல் இல்லாதவர் இறந்ததாக அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்வது பலருக்கும் தெரியும் (பழைய 108வது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 111). அந்த அனுமானம் இறந்த தேதியைச் சொல்லாது. 2004ல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: எந்தத் தேதியில் இறந்தார் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். வெறும் ஏழு வருடக் கணக்கை நம்பிப் போனால், "அப்படியானால் வழக்குப் போட்ட நாளில்தான் இறந்ததாகக் கொள்ள முடியும், பாட்டி முந்திப் போய்விட்டார், அவர் எழுதியது செல்லாது" என்று வாதம் வரும். அதனால் அந்தப் பிரிவை ஊன்றுகோலாக மட்டும் வையுங்கள்.

தேதியை எப்படி நிரூபிப்பது? போர்க்காலத்தில் எதிரியைத் தேடிக் கடல் மேல் போன விமானம் திரும்பவில்லை, அதில் போனவரும் அதன் பிறகு வரவில்லை என்றால் அதுவே வலுவான சூழ்நிலைச் சாட்சியம். சிவில் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். உடலைக் காட்டு என்று யாரும் கேட்க முடியாது. தாம்பரத்திலிருந்து 2016 ஜூலையில் 29 பேருடன் போன ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகளே 2024ல்தான், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் தெரியவந்தன. 1942ல் போன ஒருவருக்குக் கடல் என்ன சான்று கொடுக்கும்?

கடிதத்தில் அவருடைய படை எண் இருக்கும். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் அதை வைத்துத் தேடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்களோ, அதை நம்ப முடியாது. கல்லறை இல்லாத விமானப்படையினர் பலரின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் இருக்கிறது; பட்டியலில் இறந்த தேதியும் இருக்கும். அச்செடுத்தால், மின்னணுப் பதிவுகளுக்கு அதே புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டும். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருந்தால் அந்தப் புத்தகம் பெரிய ஆதாரம். கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் எழுதிக் கேளுங்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட தாள்கள் முறையான கையிலிருந்து வந்தால், அதே சட்டத்தின் 92வது பிரிவின்படி உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பாட்டி பெயரில் உள்ள கிஸ்தி ரசீதுகளையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. பெரிய தாத்தாவுக்குத் திதி கொடுத்தது யார்? குழந்தை இல்லாதவருக்குத் தம்பிதான் கொடுத்திருப்பார், அதாவது இப்போது ஆட்சேபிப்பவர்களின் தாத்தா. அந்தத் தம்பி தன் நிலத்தை விற்றோ பாகம் பிரித்தோ எழுதிய பத்திரங்களைத் தேடி, நான்கெல்லையைப் படியுங்கள். 'காலஞ்சென்ற இன்னார் மனைவி நிலத்துக்கு மேற்கு' என்று ஒரு வரி கிடைத்தால், பேரன்கள் அதைத் தாண்டி வருவது கஷ்டம்.

வாரிசுச் சான்று கேட்டு அலைய வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு உரிமை வந்தது வாரிசாக அல்ல, பத்திரத்தின் வழியாக. இறப்புப் பதிவும் இறந்த இடத்தில்தான் நடக்கவேண்டும். நடுக்கடலில் நடந்ததை உங்கள் ஊர்ப் பதிவாளர் எழுத முடியாது. தாசில்தாரிடம் செட்டில்மெண்ட் நகலோடு எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுங்கள். இப்படி உரிமைத் தகராறு வந்தால் அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார். அங்கே உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (அவர்கள் தலையிடக் கூடாது என்ற தடை) கேட்டு வழக்குப் போடுங்கள். உரிமையை முதலில் மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அதனால் ஆட்சேபணை மனுவின் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

பாட்டியோடு இருந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர் உங்கள் அம்மாதான். வயது அதிகமென்றால், கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வீட்டுக்கே வந்து அவர் சாட்சியத்தைப் பதிவு செய்ய, வழக்குப் போட்ட கையோடு உங்கள் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள்.