டின் மீனும் கானில் கிடந்த ‘புழு’வும்

வணக்கம் ஐயா,
பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் தரம் 6க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முள்ளந்தண்டைக் காட்ட டின் மீன் கொண்டுபோனேன். எலும்பு கையிலேயே மாவாகிவிட்டது. அதே கிழமை, கான் (வடிகால்) வெட்டியவர்கள் ஒரு சாணுக்கு மேல் நீளமான, வழுவழுப்பான ஒன்றைத் துண்டாக்கிப் போட்டிருந்தார்கள். கருநீல உடம்பு, இரு பக்கமும் மஞ்சள் பட்டை. பிள்ளைகள் புழு என்கிறார்கள், பெரியவர்கள் பாம்பு என்கிறார்கள். முள்ளந்தண்டுள்ள விலங்குகளின் ஐந்து வகுப்புகளை எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புள்ள டீச்சர்,
ஐந்து வகுப்புகளும் புத்தகத்திலேயே இருக்கின்றன, ஓடிப்போகாது. டின் மீனை எடுத்துப்போகலாமா? டின்னை மூடியபின் அழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். எலும்பைப் பிடித்துவைக்கும் புரதம் அதில் ஜெலட்டினாகிவிடும். மிஞ்சும் சுண்ணச்சத்து விரல் பட்டாலே உதிரும். சோற்றுக்கு அருமை, வகுப்புக்கு ஆகாது.

பாரை மீனின் வால்பக்கத் துண்டு ஒன்று வாங்குங்கள். அவிக்குமுன் முதுகுப்பக்கம் ஒரு நூல் கட்டிவிடுங்கள். மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் போதும்; குமுறக் கொதித்தால் எலும்புகள் கழன்றுவிடும். சதையை வழித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். ஒவ்வோர் எலும்பும் இரு முகமும் குழிந்திருக்கும். நூல் கட்டிய பக்கத்து வளைவுக்குள் ஈர்க்கை நுழைத்தால் எலும்பு எலும்பாகத் தாண்டிப் போகும். முதுகின் நரம்பு வடமான முண்ணாண் ஓடும் வழி அது. வால் துண்டில் கீழேயும் ஒரு வளைவு உண்டு, அது இரத்தக் குழாய்க்கு. நூல் இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் மாற்றிச் சொல்வார்கள்.

மண்புழுவின் நரம்பு வடம் குடலுக்குக் கீழே, வயிற்றுப்பக்கம். மீனுக்கும் நமக்கும் குடலுக்கு மேலே, முதுகில். இதை விட்டுவிட்டு ‘நிமிர்ந்து நிற்க முள்ளந்தண்டு’ என்று கரும்பலகையில் எழுதாதீர்கள். சாரைப்பாம்பு நிமிர்ந்தா நிற்கிறது? அதற்கு 200க்கு மேல் முள்ளெலும்புகள். தவளைக்குப் பெரும்பாலும் 9தான், பின்னால் ஒரு நீண்ட கோல் எலும்பு. அதுவும் முள்ளந்தண்டுதான்.

கானில் செத்தது அந்தத் தவளையின் உறவு. காலில்லாத ஈரூடகவாழி, இக்தியோபிஸ் குளூட்டினோசஸ், இலங்கைக்கு மட்டுமே உரியது. உயிர்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்துவிட்டார், நாம் இன்னும் புழு என்கிறோம். வளையம் வளையமாகத் தெரிவது தோல் மடிப்பு, உள்ளே எலும்பு. மண்புழுவுக்கு இல்லாத தாடையும் பல்லும் இதற்கு உண்டு. தாய் ஈரமண்ணில் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். மண்வெட்டி அங்கேயும் விழுந்துவிடும்.

அடுத்த முறை மண்ணோடு சேர்த்து அள்ளி, கானுக்கு மேற்புறம் ஈரமான இடத்தில் விடச் சொல்லுங்கள். உலர்ந்த கையால் பிடிக்க வேண்டாம், தோலாலும் மூச்சு விடுகிற பிராணி அது. கையில் பசைபோல் ஒட்டினால் பயப்பட வேண்டாம். ‘குளூட்டினோசஸ்’ என்ற பெயரிலேயே அந்தப் பசை இருக்கிறது.